சவுட்டுத் திட்டில் நின்ற கூட்டம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர்கள், நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்பிக்கை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் ஏறினால் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். யாராவது அனுப்பிய பறவைப் பதிவைச் சரி என்று ஏற்றுக்கொண்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் பேசும்போது என்னை 'நிதானமானவர்' என்று வாய் நிறையப் பாராட்டினார்கள். நிதானமாவது ஒன்றாவது. எல்லாம் பயம்தான்.

அந்தப் பயத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன். உங்களில் தைரியசாலிகள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தைரியசாலிகளை எனக்குப் பிடிக்காது என்றில்லை. அவர்களோடு வயலுக்கும் ஏரிக்கும் போகத்தான் பிடிக்காது.

நம் வேலை என்னவென்று இந்நேரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள், கடற்கரைக் குப்பங்களில் மீன் விற்கிறவர்கள் என்று பலரும் தாங்கள் பார்த்த பறவையைச் செல்போனில் பதிந்து அனுப்புகிறார்கள். எந்த இடம், எந்த நாள், என்ன பறவை, எத்தனை. நாம் அதைச் சரிபார்த்துச் சேர்த்து வைக்கிறோம். ஓர் ஏரியையோ கழிவெளியையோ மண்ணடித்து மூடப் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு போய், ஐயா இது வெறும் இடமில்லை என்று அரசாங்கத்திடம் சொல்கிறோம். மென்பொருள், வரைபடம் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது. சரியான இடத்தை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன். பறவை முட்டையிடும் இடத்தை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது, அந்த நாலு பேரும் நம் ஆட்களாகவே இருந்தாலும். உவர்மண் என்பதால் அக்கம்பக்கத்தில் அதைச் சவுட்டுத் திட்டு என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் காய்ந்து, மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு கட்டி, வெளுத்துக் கிடக்கும். புல் கிடையாது, புதர் கிடையாது. சுற்றுலா வருகிற வண்டிகளை நிறுத்த அதைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. அப்படி யோசித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் தடவை போனபோது நானும் இந்தப் பொட்டலில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இருந்தது. சின்ன ஆலா என்று ஒரு பறவை. புறாவைவிடச் சின்னது, மஞ்சள் அலகு, தலையில் கறுப்புத் தொப்பி. கோடையில் அந்த வெற்றுத் தரையில் ஒரு சின்னக் குழியைக் கீறி முட்டையிடும். கூடு என்று ஒரு துரும்புகூட வைக்காது. முட்டை மண் நிறத்தில், மேலே புள்ளிகளோடு இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஏதோ மண்ணாங்கட்டி என்றுதான் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பறவை முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில் இந்தக் கடற்கரையில் அது தலைகீழ். ஆலா உப்பங்கழியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைக்கு நிழலும் ஈரமும் கொடுக்கும். அது எழுந்து போய்விட்டால் முட்டைக்கு மேலே வெயில் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். இது மனதில் இருந்தால் போதும், நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பது புரிந்துவிடும்.

அந்தத் திட்டைப் பற்றி நமக்கு அதிகம் பதிவுகள் அனுப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவன் விக்னேஷ். நாவலூரில் ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். பதிவுகளை வைத்து வரைபடம் போடுவதில் கெட்டிக்காரன். இன்னொருத்தி செல்வி. பக்கத்துக் குப்பத்துக்காரி, மீன் வியாபாரம். எழுதி அனுப்ப அவளுக்குப் பொறுமை கிடையாது, குரல் பதிவுதான். பறவைக் கணக்குக்குப் பின்னால் மீன் ஏலம் போடுகிற சத்தமும் சேர்ந்தே வரும்.

செல்விக்கு இதில் ஒரு தலைவலி இருந்தது. வண்டி நிறுத்தம் வந்தால் ஓரமாக ஒரு கடை போடலாம் என்று அவள் கொழுந்தனார் காத்துக்கொண்டிருந்தார். நம்மோடு சேர்ந்து ஆட்சேபணை மனுவில் அவள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "மனு தோத்துப்போச்சின்னா நான் அந்த வூட்ல தலைய நிமித்த முடியாதுக்கா," என்று என்னிடம் சொன்னாள்.  

மனுவைப் பார்க்க வேண்டிய அதிகாரி வருவாய்த் துறைக்காரர். கெட்டவர் இல்லை. நம் பதிவுகள் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். ஆனால் எதிர்த் தரப்பு கேட்ட ஒரு கேள்வி அவர் மனதில் தங்கிவிட்டது. போட்டோ எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாமே, வேறு ஊர்ப் பறவையைக் காட்டி இந்த ஊர்ப் பறவை என்று சொல்லலாமே என்றார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். கண்ணால் பார்த்தால் எழுதுவேன், பார்க்காததை எழுத மாட்டேன் என்றார். நியாயம்தான். அந்த ஒரு வருகையில் திட்டின் தலையெழுத்து அடங்கிவிட்டது.

நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. நான், விக்னேஷ், செல்வி மூன்றே பேர். சாலையிலிருந்து இறங்கினால் திட்டின் ஓரமாக ஒரு மண்கரை உண்டு. அதன்மேல் டெலஸ்கோப்பை நிறுத்தி, வெயில் ஏறும் முன் அதிகாரிக்குக் காட்டிவிடுவது. யாரும் உள்ளே கால் வைப்பதில்லை.

அன்று ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டு வந்து, பஸ் மாறி மாமல்லபுரம் வந்து, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், சாலையோரம் முழுக்க கார்களும் பைக்குகளும். பக்கத்தில் கல்யாண மண்டபம் எதுவும் கிடையாதே என்று யோசித்தேன். அப்புறம்தான் ஆலாக்களின் சத்தம் காதில் விழுந்தது. உட்கார்ந்திருக்கிற ஆலாவின் சத்தம் வேறு, எழுப்பப்பட்ட ஆலாவின் சத்தம் வேறு. இது எழுப்பப்பட்ட சத்தம். ஒன்றிரண்டு இல்லை, மொத்தமும் கத்திக்கொண்டிருந்தன.

கரைமேல் ஏறிப் பார்த்தேன்.  திட்டுக்கு உள்ளே, கரையிலிருந்து நல்ல தூரத்தில், ஐம்பது அறுபது பேர் வரிசையாக நின்று ஒரு நீளமான பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நம் ஆட்கள். பச்சைச் சட்டை, தொப்பி, கழுத்தில் பைனாகுலர். குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. தலைக்கு மேலே ஆலாக்கள் சுழன்று சுழன்று கத்த, கரையில் நின்ற ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பறவை பாருங்கள் மேடம், அதிகாரி அசந்துபோய்விடுவார் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். 

எல்லாம் விக்னேஷ் செய்த வேலை. மூன்று பேர் நின்றால் அதிகாரி மதிக்க மாட்டார், கூட்டம் நின்றால் மதிப்பார் என்று முந்தின நாள் எல்லாக் குழுக்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறான். என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை.

ஆனால் அவனை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டைமேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் இல்லை அவன். அதற்கு முந்தின நான்கு கோடைகளின் பதிவுகளையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். கூடுகள் எல்லாம் கிழக்கே, தண்ணீர் ஓரத்தில். மேற்குப் பாதியில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் மேற்குப் பாதியில்தான் கூட்டத்தை நடத்திக்கொண்டு போயிருக்கிறான். வரைபடம் பொய் சொல்லவில்லை. அது சொன்னது போன வருஷங்களை. கோடையில் மணல் சேர்ந்து மூடிவிடும் முகத்துவாரம் அந்த வருஷம் மூடாமல் கிடந்ததால் கடல் தண்ணீர் கிழக்கோரத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆலாக்கள் மேற்கே நகர்ந்துவிட்டன. விக்னேஷ் ஆபீஸ் வேலையில் சில வாரம் வரவில்லை. செல்வியின் குரல் பதிவில் 'நெறய வந்து குந்திகினு கீது' என்று வந்ததே தவிர, எந்தப் பக்கம் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நம்மைப் போலப் பதிவு சேர்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஒன்றும் தெரியாதவன் அங்கே வந்திருந்தால் கரையிலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பான். நாமோ ஆதாரத்தோடு மிதிக்கிறோம். போன வருஷத்துப் பதிவை நம்பி இந்த வருஷத்துக் காலை வைக்காதீர்கள்.

முட்டை கிழக்கே இருந்தால் ஆலாக்கள் கிழக்கேதான் சுற்றும். இவை கூட்டத்தின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து பாய்ந்து ஏறின. அவர்கள் நிற்பது கூடுகளுக்கு நடுவில் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எல்லோரும் வெளியே வாங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, பயத்தில் குரல் எழவில்லை. கத்தியிருந்தால் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கமாக ஓடி வந்திருப்பார்கள். உள்ளே போகும்போது மிதித்தது போதாதென்று, வெளியே வரும்போது இன்னொரு பங்கு மிதித்திருப்பார்கள். குரல் வராமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. விக்னேஷுக்குப் போன் போட்டேன். பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே எடுத்தான்.

"விக்னேஷ், திரும்பாத. யாரையும் கூப்பிடாத. நின்ன எடத்துலயே நின்னு உன் காலச் சுத்திப் பாரு."

சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்தினான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மேடம், இங்க இருக்கு. ரெண்டு. என் ஷூவுக்குப் பக்கத்துல," என்றான். 

பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லு, அவர் அடுத்தவரிடம் சொல்லட்டும், யாரும் காலை நகர்த்தக் கூடாது என்றேன். கரையிலிருந்து பார்க்க, செய்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது நன்றாகத் தெரிந்தது. பேனர் தாழ்ந்தது. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஓர் அப்பா தரையில் நின்ற மகளைச் சட்டென்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் நகரலாம் என்று ஒரு காலைத் தூக்கியவள், அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தூக்கியபடியே நின்றாள். அவள் அழுவது கரைவரை கேட்டது. அத்தனை பேரும் பறவையை நேசிக்கிறவர்கள். அன்றைக்கு அந்தப் பறவைகளுக்கு அவர்களைவிடப் பெரிய எதிரி கிடையாது. என்ன கொடுமை பாருங்கள்.

அதே சமயம் என் போனில் அதிகாரியின் டிரைவர் அழைத்தார். வேறு வேலையில் மாட்டிக்கொண்டதால் தாமதமாகிவிட்டதாம், இப்போதுதான் திருக்கழுக்குன்றம் தாண்டுகிறார்களாம். அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டிருந்தது.

விக்னேஷிடம் சொன்னேன். அவன் கெஞ்ச ஆரம்பித்தான். "மேடம், அவர் வர்ற வரைக்கும் இப்படியே அசையாம நிக்கறோம். வானத்துல இவ்ளோ பறவைய அவர் கண்ணால பாக்கட்டும். நாம வெளிய வந்துட்டா அதுங்க எல்லாம் உக்காந்துடும். அவருக்கு வெறும் பொட்டல்தான் தெரியும். எல்லாம் போயிடும் மேடம்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் பயங்கரம். உட்கார்ந்துவிட்ட ஆலா மண்ணோடு மண்ணாகிவிடும். அதிகாரி பார்ப்பார், ஒன்றும் இல்லை என்று எழுதுவார், அடுத்த கோடைக்கு அங்கே டெம்போவும் வேனும் நிற்கும்.

இதற்குள் குப்பத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்ற செல்வி வானத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யக்கா, வெயிலு ஏறிகினே கீது. அதுங்க வந்து குந்தலன்னா முட்ட வெந்துடும்க்கா," என்றாள். மனு தோற்றால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிகாரி வரும்வரை கூட்டம் உள்ளேயே நிற்பதுதான் அவளுக்கு லாபம். இருந்தும் அவள் வாயிலிருந்து அதுதான் வந்தது.

நான் தைரியமாக முடிவெடுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இரண்டு பயம் இருந்தது, எது பெரியது என்று பார்த்தேன், அவ்வளவுதான். திட்டு கையைவிட்டுப் போய்விடும் என்பது ஒரு பயம். நாமே கொன்றோம் என்று ஆகிவிடும் என்பது இன்னொரு பயம். முதலாவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. இந்த வேலையில் நீங்களும் ஒரு நாள் இப்படி மாட்டிக்கொள்வீர்கள். அப்போது, நடந்துகொண்டிருக்கிற பயத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

"வந்துடுங்க," என்றேன். "பொருக்கு உடைஞ்சு கால்தடம் தெரியும். போன தடத்துலயே காலை வெச்சு, ஒருத்தர் பின்னால ஒருத்தர்."

விக்னேஷ் போனை வைத்துவிட்டான். கோபம். ஆனால் சொன்னபடி செய்தான். முதலில் குழந்தைகளோடு இருந்தவர்கள், பிறகு மற்றவர்கள், கடைசியில் அவன். அழுதுகொண்டு நின்ற பெண்ணின் காலை இரண்டு கையாலும் பிடித்து, சரியான தடத்தில் வைத்துக் கொடுத்து அழைத்துவந்தான்.  கரையேறியவர்களில் ஒருவரின் செருப்பு ஓரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. 

எல்லோரையும் கரைக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பு நிழலில் உட்காரச் சொன்னேன். ஆலாக்கள் இன்னும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இறங்குமா, இறங்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வெறுத்துப்போய் மொத்தமாகக் கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. பிறகு ஒன்று தண்ணீரைத் தொட்டு எழுந்து வந்து தரையில் இறங்கியது. இறங்கிய இடத்தில் காணாமல் போனது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் பத்து இருபது. சத்தம் குறைந்து குறைந்து நின்றே போயிற்று. தோப்பில் குழந்தைகள் பசி என்று சிணுங்க, யாரோ இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

ஜீப் வந்து சாலையில் நின்றது. அதிகாரி இறங்கி, கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு கரையேறி வந்தார். தாமதத்துக்கு வருத்தம் சொன்னார். திட்டை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பார்த்தார்.

"எங்கம்மா இருக்கு?"

டெலஸ்கோப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அந்த வெயிலில் டெலஸ்கோப்பில் கானல்தான் தெரியும். தரை முழுக்கத் தண்ணீர் மாதிரி அலையடித்தது. அதோ உட்கார்ந்திருக்கிறது சார், அந்தக் கறுப்புப் புள்ளி அதன் தலை என்று சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. நிமிர்ந்தவர், ஒன்றும் தெரியவில்லையே என்றார். சலிப்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தமாகச் சொன்னார்.

அப்போது விக்னேஷ் எழுந்து வந்தான். நான் தடுப்பதற்குள் தன் போனை நீட்டிவிட்டான். காலையில் கரையில் நின்றவர் எடுத்து அனுப்பிய போட்டோ. பேனர், கூட்டம், மேலே வானம் நிறைய ஆலா. இன்றைக்கு எடுத்தது சார், இதே இடம் என்றான். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உள்ள போகக் கூடாதுன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. இவங்க யாரும்மா?"

 நாங்கள் இல்லை, யாரோ என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோப்பில் அத்தனை பச்சைச் சட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன, யாரை ஏமாற்றுவது? எங்கள் ஆட்கள்தான் சார், தப்பாக உள்ளே போய்விட்டார்கள், சில முட்டைகள் உடைந்துவிட்டன, அதனால்தான் வெளியே வரச் சொன்னேன் என்றேன். விக்னேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவர்கள் போகலாம், நான் போகக் கூடாதா என்று கேட்டார். பத்தடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கரைச் சரிவில் இறங்கத் தொடங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். அரசாங்க அதிகாரிக்குக் குறுக்கே நான் நின்றது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுதான். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க இறங்கினா எல்லாம் எழும்பும் சார். நீங்க பாப்பீங்க, நம்புவீங்க, நாங்க ஜெயிச்சிடுவோம். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனா நீங்க எங்க காலை வெப்பீங்கன்னு நெனச்சா பயமா இருக்கு சார்."

"பயத்த வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாதும்மா," என்றார். என்னைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டடி இறங்கினார். சரிவு முடிந்து பொருக்கு தொடங்கும் இடத்தில் அவர் காலைத் தூக்கினார்.

இட்லி வாசனைக்குத் தோப்பில் வந்து கூடியிருந்த காக்கைகளை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதில் ஒன்று எங்கள் தலையை உரசுவது போல் தாழப் பறந்து திட்டுக்குள் போனது.

அவ்வளவுதான். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன தரை முழுக்க எழுந்தது. நூற்றுக்கணக்கில் எழுந்தன. தூரத்தில், நடுவில், கிட்டத்தில், அவர் ஷூவுக்கு முன்னால் ஒரு கைதூரத்திலிருந்துகூட ஒன்று வீறிட்டுக்கொண்டு கிளம்பியது. அவர் பின்னால் சாய்ந்துவிட்டார். தூக்கிய கால் சரிவிலேயே இறங்கியது. ஆலாக்கள் காக்கையைத் துரத்தித் துரத்திக் கொத்தின. அது பொருட்படுத்தவில்லை. இறங்கி, தரையில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் மேலாகவே திரும்பிப் பறந்தது. அலகில் முட்டை.

துரத்துங்கள் என்றார் அதிகாரி. பதற்றத்தில் கைக்குட்டையை வீசினார். செல்வி கரையில் நின்றே கை தட்டிச் சத்தம் போட்டாள். ஒருவரும் கீழே இறங்கவில்லை. இறங்க முடியாது என்பது அவருக்கும் அப்போது புரிந்துவிட்டது. அடுத்த காக்கை போனது. நாங்கள் அத்தனை பேரும், அவரும் சேர்த்து, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகையாக வந்தது. நான் கேட்ட சாட்சி வந்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தது நானில்லை.

தோப்பில் இருந்தவர்கள் புரிந்துகொண்டு பொட்டலங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு சாலைக்கு அப்பால் ஓடினார்கள். காக்கைகள் அவர்கள் பின்னால் போயின. ஆலாக்கள் மறுபடி ஒவ்வொன்றாக இறங்கின. அதிகாரி தன் ஷூவுக்கு முன்னால் இருந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கிளம்பிய இடம். அங்கே இருந்த முட்டை அவர் கண்ணுக்குத் தட்டுப்பட நிரம்ப நேரம் ஆயிற்று. தட்டுப்பட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பின்பக்கமாகவே காலை வைத்துச் சரிவேறினார். அந்த ஆலா வந்து உட்காரும்வரை எங்களோடு கரையில் நின்றார். 

அறிக்கை வர மழைக்காலம் ஆயிற்று. வண்டி நிறுத்தம் சாலைக்கு மறுபக்கம் போனது. செல்வியின் கொழுந்தனார் அங்கேயே கடை போட்டார், அவளோடு பேசவும் ஆரம்பித்தார். விக்னேஷ் அந்தப் போட்டோவை எங்கும் போடவில்லை. இன்றும் ஒவ்வொரு கோடையிலும், வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால் செல்விக்குப் போன் செய்து எந்தப் பக்கம் என்று கேட்கிறான். திட்டு இன்னும் இருக்கிறது. அடுத்த வருஷமும் இருக்குமா என்று கேட்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த அறிக்கைக்காக நான் காத்திருக்கவில்லை. அதில் என்ன வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எங்களிடம் சொல்லிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பிய அந்த அதிகாரி, முதுகு குனிந்து, முன்னால் இருக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்துபோனார். அவர் நடந்தது தார் ரோட்டில்.